படத்துக்குப் பலன் பார்க்காதீர்கள்: குழந்தையோடு உட்கார்ந்து வரைய ஒரு செய்முறை

நம் ஊரில் எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து "ஏதாவது வரை" என்றாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. மதுரை ஒத்தக்கடையில் ஜன்னலைத் திறந்தால் யானைமலை படுத்துக் கிடக்கிறது. அங்கே வளரும் பிள்ளையும் முக்கோண மலையைத்தான் வரையும். அது பள்ளிக்கூடத்தில் பழகிய கை. அதைத் தாண்டி, பிள்ளைக்கு உள்ளே இருப்பதைத் தாளில் இறக்கிவைக்க நாம் எப்படித் துணையிருப்பது?

காசநோய் சானடோரியத்தில் படுத்துக்கொண்டே வரைந்து தேறிய ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், 1942-ல் இதற்கு ஓவிய சிகிச்சை என்று பெயர் வைத்தார். இன்று அது முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. வீட்டில் நாம் செய்வது சிகிச்சை இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. கஞ்சியும் வேண்டும்தானே.

படி 1: இடமும் சாமானும்

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், அரை மணி போதும். டிவி ஓடாத ஒரு மூலை, தரையில் பழைய நியூஸ் பேப்பர். சார்ட் பேப்பர், தடிமனான கிரேயான், கொஞ்சம் வாட்டர் கலர். விலை உயர்ந்தது வேண்டாம். "பாத்து, வீணாக்காத" என்று நம் வாயே சொல்லிவிடும். ரப்பரையும் ஸ்கேலையும் எடுத்து ஒளித்துவையுங்கள். ரப்பர் பக்கத்தில் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போய்விடும்.

பதற்றமாக இருக்கும் பிள்ளைக்கு முதலில் கிரேயான். அது கை சொன்னபடி நிற்கும். தண்ணீர் கூடக்கூட நிறம் தன் இஷ்டத்துக்கு ஓடும். சில பிள்ளைகளுக்கு அது விடுதலை, சில பிள்ளைகளுக்குப் பயம். எது பிடிக்கிறது என்று அவர்களே எடுக்கட்டும்.

படி 2: கிறுக்கல்

"எனக்கு வரைய வராது" என்பவர்களுக்கு இதுதான் வாசல். நீங்கள் ஒரு வளைகோடு போடுங்கள். பிள்ளை அதை ஏதாவது ஒன்றாக மாற்றட்டும். அடுத்து பிள்ளை போடும் கோட்டை நீங்கள் மாற்றுங்கள். விட்னிகாட் என்ற லண்டன் குழந்தை மருத்துவர் தன்னிடம் வந்த பிள்ளைகளோடு இப்படித்தான் விளையாடினார். உங்கள் படம் கேவலமாக இருந்தால் ரொம்ப நல்லது.

படி 3: பேச்சு

எல்லோரும் தவறுவது இங்கேதான். நானும் தவறியிருக்கிறேன். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று பார்த்து அந்த வருடத்துக்கே பலன் சொல்கிற ஊர் நம்முடையது. பச்சை என்றால் செழிப்பு. அதே பழக்கத்தில் பிள்ளை கறுப்பை எடுத்தால் சோகம், சிவப்பை எடுத்தால் கோபம் என்று கிளம்பிவிடுகிறோம். எந்த நிறத்துக்கும் அப்படி நிலையான அர்த்தம் கிடையாது.

என் சனிக்கிழமை வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கதவே இல்லாத வீடு வரைந்தாள். எதையோ கண்டுபிடித்துவிட்ட தோரணையில், "வாசல் எங்கடா தங்கம்? வெளிய வர முடியலையா?" என்று கேட்டேன். ஒன்றும் பேசாமல் ஒரு கதவு போட்டாள். அதற்குப் பிறகு வாரா வாரம் பெரிய பெரிய கதவாக வந்தது. எல்லாம் எனக்காக! பல மாதம் கழித்துத்தான் சொன்னாள்: "அது வீட்டுக்குப் பின்னாடி மிஸ். கோழி அங்கதான் நிக்கும்."

அதனால், "இது என்ன?" வேண்டாம். "சூப்பர்", "அழகா இருக்கு" இரண்டும் வேண்டாம். அடுத்த படம் நம் பாராட்டுக்காக வரும். கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த மூலைய ரொம்ப அழுத்தித் தேச்சிருக்க." பிறகு, "இதப் பத்திச் சொல்றியா?" சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சும்மா பக்கத்தில் இருப்பதும் வேலைதான்.

படி 4: உடம்புப் படம்

நாலு சார்ட்டை ஒட்டி, பிள்ளையைப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு இழுங்கள். "கோவம் வந்தா எங்க தெரியும்? பயம் வந்தா?" என்று கேட்டு, அந்த இடத்தில் அவர்களுக்குப் பிடித்த நிறத்தைப் பூசச் சொல்லுங்கள். நம் மொழி இதற்கு முன்பே வழி போட்டுவைத்திருக்கிறது: வயிறு எரியுது, நெஞ்சு அடிச்சுக்குது, தொண்டை அடைக்குது. "சோகமா இருக்கியா?" என்றால் தலையாட்டும் பிள்ளை, "தொண்டை அடைக்குதா?" என்றால் விரலால் தொட்டுக் காட்டும். தொட்டுக்கொண்டு கோடு இழுப்பது பிடிக்காத பிள்ளைக்கு ஒரு சின்ன பொம்மை உருவம் வரைந்து கொடுத்தால் போதும்.

படி 5: மண்

கோபக்காரப் பிள்ளைக்குத் தாள் பத்தாது. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண் ஓர் உருண்டை கிடைக்கலாம். குத்தலாம், அறையலாம், பிய்க்கலாம். ஆள் மேல் எறியக்கூடாது. விதி அது ஒன்றுதான். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிட்டு, கை கழுவவைத்து முடியுங்கள். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும்.

படங்கள் பிள்ளையுடையவை. பின்னால் தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "பெரியப்பாவுக்குக் காட்டு" என்றும் இழுக்காதீர்கள்.

கஞ்சியோடு நிற்கக்கூடாத நேரமும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, பள்ளிக்குப் போக மறுப்பு, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிய பேச்சு என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416. யாரோ தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள், "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் காட்ட ஃபைலை எடுத்துப் போவதானால், பிள்ளையிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.