மெலாக்சிகாம்: பூனைக்கு வேறு, நாய்க்கு வேறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நான் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனை மருந்தகத்துக்குப் புது மென்பொருள் வந்தபோது, மெலாக்சிகாம் என்ற வலி, வீக்கம் தணிக்கும் திரவ மருந்து முழுவதும் ஒரே குறியீட்டில் பதிவாகியிருந்தது. பார்த்ததும் பதறிவிட்டேன். நாய்க்கான பாட்டிலில் ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானதில் 0.5. மில்லி கணக்கில் எழுதிய பூனைச் சீட்டுக்கு நாய்ப் பாட்டிலை எடுத்தால் மூன்று மடங்கு மருந்து போகும். பூனையின் சிறுநீரகம் தாங்காது.

முதல் வேலையாக அதை இரண்டு மருந்துகளாகப் பிரித்து, பெயரிலேயே செறிவைச் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் விலங்கு வகையைப் பூட்டினேன். அளவை மில்லியில் தட்டச்சு செய்ய விடாமல், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று மாற்றினேன். மில்லியை மென்பொருளே கணக்கிடும். எடை இல்லாவிட்டால் சீட்டு அச்சாகாது. வீட்டில் சிரிஞ்சு பிடிப்பது பெரும்பாலும் பாட்டிகள்தான். ஆகவே லேபிளில் எழுத்தைப் பெரிதாக்கி, மில்லியை மட்டும் காட்டினேன்.

அடுத்தது மறுவழங்கல், அதாவது அதே சீட்டுக்கு மருந்தைத் திரும்பக் கொடுப்பது. எல்லா மருந்துக்கும் ஒரே எண்ணிக்கை தானாக விழுந்தது. இங்கே 1965ஆம் ஆண்டின் 101ஆம் சட்டம், அதாவது மருந்துச் சட்டம், மருந்துகளைக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ப எண்ணிட்ட அட்டவணைகளாகப் பிரிக்கிறது. அதன்படி 6ஆம் அட்டவணை மருந்துக்கு மறுவழங்கலே கிடையாது. 5ஆம் அட்டவணைக்கு ஆறு மாதம் வரைதான். எனவே அட்டவணை எண்ணைக் கட்டாயமாக்கி, வரம்பை அதோடு இணைத்தேன். மார்பினுக்குப் பூஜ்யம். வலிப்பு நாய்களுக்கான பீனோபார்பிட்டலுக்கு ஆறு மாதக் கெடு.

பிறகு கற்பனைப் பூனை ஒன்றைப் பதிந்து, வேண்டுமென்றே நாய் மருந்தைக் கேட்டுப் பார்த்தேன். மறுத்தது. மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்கிறேன்.