திருவனந்தபுரத்துல இருந்து கல்ஃப் போற நம்ம ஆளுங்களுக்கு: ஹெட்போன் எப்படி பாத்து வாங்கணும்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தராவது திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியா துபாய், தோஹான்னு போயிட்டுதான் இருக்காங்க, அந்த நாலு மணி நேர இரைச்சல்ல காது எப்படி அடைச்சுப் போகும்னு போனவங்களுக்குத் தெரியும். நாய்ஸ் கேன்சலிங் வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு புரிஞ்சுக்கிடுங்க, உள்ள இருக்க மைக் வெளிச் சத்தத்த கேக்கும், ஹெட்போன் அதுக்கு நேர் எதிரான ஒலி அலைய காதுக்குள்ள விடும், ரெண்டும் சேந்தா சத்தம் அடங்கும். விடாம ஒரே மாதிரி வர்ற எஞ்சின் இரைச்சலுக்கு இது அருமை, ஆனா பக்கத்து சீட் குழந்தை அழுதா கொஞ்சம் கேக்கத்தான் செய்யும், முழு அமைதின்னு யாராவது சொல்லி வித்தா நம்பாதீங்க.

காத முழுசா மூடுற மாடல்தான் என் சாய்ஸ். கடையிலயே அரை மணி நேரமாவது மாட்டிப் பாருங்க, கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே, ஏன்னா ஓரத்துல இடைவெளி விழுந்தா இரைச்சல் உள்ள வந்துரும். பேட்டரி 20 மணி நேரத்துக்கு மேல இருக்கணும். 3.5 எம்எம் வயர் குத்துற வசதி கட்டாயம் வேணும், பல ஃப்ளைட்ல சீட் ஸ்கிரீன்ல ப்ளூடூத் கிடையாது. அப்புறம் இத செக்-இன் பெட்டியில போடாம கையிலயே வச்சுக்கிடுங்க, லித்தியம் பேட்டரி.