பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா? எங்கே, எந்த நேரத்தில் பார்ப்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள்

மலேசியாவில், நெகிரி செம்பிலானின் ரந்தாவ் டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாங்கள் பைனாகுலர் விற்பதில்லை. ஆனாலும் கண்ணில் வைத்துப் பார்க்கிற பொருளாச்சே, வாங்கியவர்கள் "தலை வலிக்குது, என்னான்னு பாரும்மா" என்று எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கப் போகிறவர்களும் வருவார்கள். அவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசா காட்டணும்?" எங்கே நின்று, எத்தனை மணிக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. பைனாகுலர் மேல் 8x42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 5.25 மி.மீ. உங்கள் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு அது. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். இருட்டில் இளைஞர்களுக்கு ஏழு வரைகூட விரியும், வயதானவர்களுக்கு ஐந்தைத் தாண்டுவது சிரமம். சட்டைப் பையில் போடுகிற 10x25-ஐ வகுத்தால் 2.5தான் வரும். நண்பகலுக்கு அது போதும். செம்பனை நிழலுக்குள் காலை ஏழரை மணிக்குப் போதாது.

பக்கத்துத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வேலையை மேற்பார்க்கிறவராக இருக்கிற அண்ணன் ஒருவரிடம் அப்படி ஒரு 10x25 இருந்தது. எலித் தொல்லைக்காகத் தோட்டத்தில் கம்பம் நட்டு, எலி பிடிக்கும் கூகை ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்க் கலைக்காமல், எந்தப் பெட்டியில் பறவை இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். கூகை வெளியே வருவதோ பொழுது சாய்ந்த பிறகு. அவருடையதில் பெட்டி வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. என்னுடைய 8x42-ஐக் கொடுத்தேன். ஓட்டைக்குள் வெள்ளையாக அந்த முகமும், அதில் இரண்டு கருங்கண்களும் தெரிந்ததும், "அடேங்கப்பா, இங்கேயே உட்கார்ந்திருக்கு!" என்றார். அவருடையது பத்து மடங்கு, என்னுடையது எட்டுதான். வெளிச்சம்தான் வித்தியாசம்.

அதனால் பறவை, தோட்டம், காடு என்று பொதுவாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது 8x42. எடை ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். அது கழுத்துக்குப் பாரம் என்றால் 8x32 எடுங்கள், அந்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பத்து மடங்கு வேண்டாமா என்றால், உங்கள் கை நடுக்கமும் பத்து மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். பார்வைப் பரப்பும் குறையும். பைனாகுலர் வரும் பெட்டியில் '1000 மீட்டரில் 130 மீட்டர்' என்பது போல ஓர் எண் இருக்கும், ஆயிரம் மீட்டர் தூரத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்பது அது. எட்டு மடங்கில் அந்த அளவு கிடைக்கும், பத்தில் பெரும்பாலும் 100 முதல் 115 வரைதான். மார்ச் மாதம் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், இது உடனே புரியும். சுமத்ராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடலைத் தாண்டித் தேன் பருந்துகள் கரையேறும் இடம் அது. கரைக்கு வந்ததும் சூடான காற்றில் வட்டமிட்டு மேலே ஏறும். பரப்பு குறுகலாக இருந்தால் பறவையைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். முதலில் வெறுங்கண்ணால் பருந்தைப் பிடியுங்கள், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அது சூரியன் பக்கம் வட்டமிட்டால் உடனே இறக்கிவிடுங்கள். பைனாகுலர் வழியாகச் சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும்.

இனி என் தொழில் விஷயம். கண்ணாடி போடுகிறவர்கள் பெட்டியில் 'ஐ ரிலீஃப்' என்ற எண்ணைப் பாருங்கள், முழுக் காட்சியும் தெரியக் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பது அது. 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். 17, 18 இருந்தால் நிம்மதி. கண்பக்கத்து ரப்பர் வளையத்தைக் கீழே திருகிவிட்டுக் கண்ணாடியோடு பாருங்கள். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம், பைனாகுலரின் சக்கரமே சரிசெய்துவிடும். படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ஆனால் கண் பரிசோதனைச் சீட்டில் 'சிலிண்டர்' பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குத் தருவது) கூடுதலாக இருப்பவர்கள் கழற்றக் கூடாது, அதை எந்தச் சக்கரமும் திருத்தாது.

தலைவலி என்று வருகிறவர்களில் பலர், வலது கண்ணுக்கு மட்டும் தெளிவைச் சரிசெய்யும் வளையத்தைத் தொட்டதே கிடையாது. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது வளையத்தை மட்டும் திருப்புங்கள். ஒருமுறை செய்தால் போதும். அதற்குப் பிறகும் படம் இரண்டாகத் தெரிந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் நகர்ந்திருக்கிறது, நம்மால் ஆகாது.

போர்ட்டிக்சன் கரையில் நின்று கப்பல் பார்க்க 7x50 நல்லது, படகில் ஆடினாலும் தாங்கும். ஒரு கிலோவை நெருங்கும். நட்சத்திரத்துக்கு 10x50. கார்த்திகைக் கூட்டமும் வியாழனின் நான்கு நிலாக்களும் அதில் தெரியும், அந்த நிலாக்களைப் பார்க்க மட்டும் கை ஆடாமல் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். பாரோய் அரங்கத்தில் பந்து பார்க்கவோ, தீமிதிக் கூட்டத்தில் பின்னால் நின்று பார்க்கவோ 8x25 தாராளம். வண்ணத்துப்பூச்சிப் பிரியர்கள் இரண்டு மீட்டர் கிட்டத்திலும் தெளிவாகக் காட்டுமா என்று பார்த்து எடுங்கள்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் '60x60' என்று போட்டு விற்பதையும், சிவப்பாக மின்னும் கண்ணாடி வைத்ததையும், பவரை ஏற்றி இறக்கும் ஜூம் வகையையும் விட்டுவிடுங்கள். சில நூறு வெள்ளி சேரும் வரை பொறுத்தால் நல்லதாக ஒன்று கிடைக்கும். கடையில் பைனாகுலரைக் கை நீட்டித் தூரப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி வைத்துக் கண்பக்கத்து ஒளிவட்டங்களைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக மங்கியிருந்தால் பிரிசம் மட்டம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு, உள்ளே நைட்ரஜன் அடைத்து நீர் புகாமல் செய்தது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி படரும், ஒருமுறை பிடித்தால் துடைத்து எடுக்க முடியாது. தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் வைக்க வேண்டாம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏர்கோன் காரிலிருந்து இறக்கியதும் மேல்பக்கம் ஆவி படியும், தானாக மறையும் வரை விடுங்கள். சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சுதான் கீறும்.