பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் லெஜியோனெல்லா: ஜூன் திறப்புக்கு முன் என்ன செய்வது?

மே மாதம் மத்தியானம் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியின் மொட்டை மாடியில் ஏறி, கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். வைத்த கையை உடனே எடுத்துவிடுவீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் பள்ளி பூட்டிய நாளிலிருந்து அசையாமல் கிடக்கிறது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருக வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது: வெதுவெதுப்பு, தேக்கம், அடியில் கொஞ்சம் சகதி.

1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு ஹோட்டலில் மாநாடு நடத்தியது. ஊர் திரும்பியவர்களில் பலர் நிமோனியாவில் படுத்தார்கள். 29 பேர் இறந்தார்கள். சங்கத்தின் பெயர் ‘லீஜன்’. சில மாதம் கழித்துக் கண்டுபிடித்த கிருமிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இது குடித்தால் வயிற்றைக் கெடுக்கிற கிருமி இல்லை. தண்ணீர் சாரலாகச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத துளிகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால்தான் வம்பு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொதுவாகத் தொற்றாது. பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம். ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்கள், பீடி பிடிக்கிற வாட்ச்மேன், சர்க்கரையோ நாள்பட்ட நுரையீரல் கோளாறோ உள்ள சமையலம்மா, இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வெளிநாட்டுக் கையேடுகளைத் திறந்தால் முதல் விதியே, குளிர்ந்த தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்றுதான் இருக்கும். சிரிப்புதான் வரும். மார்கழி விடியற்காலையில்கூட நம் கரையில் குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிராது. இந்தக் கிருமி பெருகுவது 20 முதல் 45 டிகிரி வரை. நம் தண்ணீர் வருடம் முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது. ஆகவே குளிர வைப்பதை மறந்துவிடுங்கள். தண்ணீரை ஓட விடுவது, தொட்டியைச் சுத்தமாக வைப்பது, குளோரின் போடுவது: நமக்கு வழி இந்த மூன்றுதான்.

1. குழாய் வரைபடம் போடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தண்ணீர் வரும் பாதையிலேயே நடங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கே வந்து விழுகிறது, போர் தண்ணீர் தனியா கலந்தா, சம்ப் எங்கே, மேலே எத்தனை தொட்டி, எந்தத் தொட்டியிலிருந்து எந்தக் கழிப்பறைக்கு லைன் போகிறது என்று எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை.

இந்த நடையில் முக்கியமாகத் தேட வேண்டியது, எங்கும் போகாத குழாய். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோடு ஒரு பைப் ஓடியது. பிளம்பர் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது சும்மா நிக்கிற லைன். பழைய பாத்ரூமை இடிச்சப்ப மூடியைப் போட்டு விட்டுட்டுப் போயிட்டாங்க. உள்ள தண்ணி அப்படியே நிக்குது” என்றார். அறுத்துப் பார்த்தால் டிகாஷன் நிறத்தில் வழவழவென்று வந்தது. குழாயின் உட்சுவரில் படியும் அந்த வழவழப்புப் படலம்தான் கிருமிக்கு வீடு. அதற்குள் ஒளிந்துகொண்டால் குளோரினும் லேசில் எட்டாது. இத்தனைக்கும் அந்த லைன் வேலை செய்கிற லைனோடு சேர்ந்தே இருந்தது. அங்கிருந்து கிருமி எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

இப்படிப்பட்ட குழாயை நுனியில் அடைத்தால் போதாது. கிளை பிரியும் ‘டீ’ வரைக்கும் வந்து அறுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

2. தொட்டியைக் கழுவுங்கள்

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு. முழுவதும் வடித்து, அடிச் சகதியை வாரி எடுத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிரஷர் பம்பால் பீய்ச்சிக் கழுவினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் மூடிய தொட்டிக்குள் அந்தச் சாரலைத்தான் கழுவுகிறவர் மூச்சில் இழுப்பார். கையால் தேய்க்கட்டும், என்95 மாஸ்க் போடட்டும். சம்ப்புக்குள் யாரையும் தனியாக இறக்காதீர்கள். மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, மேலே இன்னொருவர் நின்றால்தான் இறங்கலாம். காற்றில்லாத சம்ப்பில் உயிர் போவதற்குக் கிருமி தேவையில்லை.

உப்புக் காற்றில் தொட்டியின் இரும்பு ஏணியும் போல்ட்டும் துருவேறிக் கிடக்கும். துரு உள்ளே கொட்டினால் அதுவும் இந்தக் கிருமிக்குத் தீனி. உடைந்த மூடியை மாற்றுங்கள், ஓவர்ஃப்ளோ குழாய்க்குக் கொசுவலை கட்டுங்கள்.

3. குளோரின் போடுங்கள்

கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது சீக்கிரம் இறங்கிவிடும். நான் 25 சதவீதம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

கழுவிய தொட்டிக்கும் குழாய்களுக்கும் ஒருமுறை பலமான டோஸ் வேண்டும்: லிட்டருக்கு 50 மில்லிகிராம். 1000 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம் பவுடர். அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரை மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றினால் அடுத்த மாதம் பிளம்பருக்கு வேலை வரும். பவுடரைக் கழிப்பறை ஆசிட் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

அப்புறம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாசம் வந்ததும் மூடுங்கள். ஒரு மணி நேரம் அப்படியே நிற்கட்டும். அந்த நேரம் முழுக்க “தண்ணீரைத் தொடாதீர்கள்” என்று எழுதி ஒட்டி, வாசலில் ஒரு ஆளையும் நிறுத்துங்கள். முடிந்ததும் வடித்துவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பி, எல்லாக் குழாயையும் மறுபடி ஓட விடுங்கள். வடித்த தண்ணீர் ஊருணிக்கோ செடிக்கோ போகக் கூடாது.

பள்ளி நடக்கிற நாட்களில் இவ்வளவு வேண்டாம். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. 1000 லிட்டருக்கு 4 கிராம் பவுடரில் தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் குளோரின் பார்க்கும் சின்னப் பெட்டி இருக்கும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், கடைசிக் குழாயில் பாருங்கள்.

4. வாரம் ஒருமுறை ஓட விடுங்கள்

இங்கேதான் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டத்தில், குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருக்கிற தெருவுக்குப் பக்கத்தில், குழாயைத் திறந்து தண்ணீரை ஓட விடு என்றால் யாருக்கு மனசு வரும்? எனக்கே வரவில்லை. ஒரு வருடம் இதைத் தள்ளிப் போட்டேன்.

அப்புறம்தான் வழி தெரிந்தது. கொட்டத் தேவையில்லை, வாளியில் பிடித்தால் போதும். பிடித்த தண்ணீர் கழிப்பறை கழுவப் போகட்டும், வேப்பங்கன்றுக்கு வேரில் ஊற்றட்டும். ஒவ்வொரு குழாயிலும் குறைந்தது இரண்டு நிமிடம். தினமும் புழங்குகிற குழாயை விட்டுவிடலாம். லேப் சிங்க், மாற்றுத்திறனாளி கழிப்பறை, ஸ்டாஃப் ரூம் மூலையில் யாரும் தொடாத வாஷ்பேசின் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். குழாயை மெதுவாகத் திறங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள். குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி நுனியை வாளியின் அடியில் போட்டால் சாரலே எழாது. ஷவர் இருந்தால், மூலை வெட்டிய பிளாஸ்டிக் பையை ஷவர் தலையில் கட்டிவிட்டுத் திறங்கள்.

ஷவர் தலையையும் குழாய் நுனிச் சல்லடையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினிகரில் ஊற வையுங்கள். நம் போர் தண்ணீருக்கு அதில் வெள்ளை உப்பு கல்லாகப் படிந்திருக்கும்.

விடுமுறையிலும் இந்த வேலை நிற்கக் கூடாது. வாட்ச்மேனுக்குச் சாவி கொடுத்து, சனிக்கிழமை காலை என்று நாளும் குறித்துக் கொடுங்கள்.

5. ஹாஸ்டலில் சோலார் ஹீட்டர் இருந்தால்

வெயில் காலத்தில் தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மழை மூடாக்கு போட்டால் அந்தத் தொட்டி 35, 40 டிகிரியில் நிற்கும். கிருமிக்கு ரொம்பப் பிடித்த சூடு அது. அந்த நாட்களில் மின்சார காயிலைப் போட்டு 60 டிகிரிக்கு ஏற்றுங்கள்; குளிக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளுக்குத் தோல் வெந்துவிடும்.

6. நோட்டு போடுங்கள்

நாள், எந்தக் குழாய், எத்தனை நிமிடம், குளோரின் அளவு, கையெழுத்து. ஐந்து கட்டம் போட்ட ஒரு 80 பக்க நோட்டு போதும். லெஜியோனெல்லாவை லேபில் வளர்த்துப் பார்க்கிற பரிசோதனைக்குப் பத்து நாள் போல ஆகும், செலவும் அதிகம். அந்தக் காசில் முதலில் தொட்டிக்கு நல்ல மூடி வாங்குவேன்.

பள்ளி திறந்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது கடும் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால், தொட்டி கழுவினோம், பூட்டிக் கிடந்த குழாயைத் திறந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. அஸித்ரோமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும். சிறுநீரில் செய்கிற பரிசோதனை ஒன்று உண்டு, சந்தேகம் வந்தால் அவர் எழுதிக் கொடுப்பார். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.