ஹாலில் ஓவியக் கண்காட்சி: ஆணி அடிப்பது முதல் ரசீது வரை

வீட்டில் கண்காட்சி வைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, ஹாலைக் காலி செய்வது. ஓவியக் காலரியில் கிடைக்காத ஒன்று வீட்டில் கிடைக்கிறது: சோபாவுக்கு மேலே 3 அடி அகலப் படம் எப்படி நிற்கும் என்று வாங்க வருகிறவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதனால் சோபா இருக்கட்டும். டிவியைக் கழற்றுங்கள், சிறியதாக இருந்தாலும் கண்ணை இழுத்துவிடும். சாமி படமும் தினசரி காலண்டரும் குடும்ப போட்டோவும் தொங்கும் சுவரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். 10க்கு 14 ஹாலும் ஒரு படுக்கையறையும் இருந்தால் 18 படம் தாராளம். மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் காகிதம் நெளியும், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அட்டை உப்பும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. தேதி குறிக்கும்முன் காலண்டரில் முகூர்த்த நாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக அமைந்தால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள். ஆனால் அந்த மாதம் கல்யாணம் இல்லாததால் ஆட்கள் வருவார்கள். பக்கத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சுவர். இங்கேதான் பாதிப் பிரச்சினை.

புட்டி வைத்துப் பெயின்ட் அடித்த சுவரில் கான்கிரீட் ஆணியை நேராக அடித்தால், ஆணியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் புட்டி பெயர்ந்து வரும். அடிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் அடிப்பது ஓரளவு காப்பாற்றும். பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், ஆணி அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போனால்தான் எடை தாங்கும். 5 கிலோவுக்கு மேற்பட்ட படத்துக்கு ஆணியை நம்ப வேண்டாம். 6 மி.மீ. டிரில் பிட்டால் துளையிட்டு, அதற்குள் பிளாஸ்டிக் பிளக் வைத்து, ஸ்க்ரூ முடுக்குங்கள். துளை செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் விழுந்தால் பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அப்படி இறங்கினால் 2 அங்குலம் தள்ளிப் போடுங்கள். எடை தெரியாவிட்டால், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்ட பெரிய தஞ்சாவூர் ஓவியம் 10 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு இரண்டு கொக்கி வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை பொடிப்பொடியாக உதிரும், பிளக் நிற்காது. வாடகை வீட்டில் ஆணிக்கே அனுமதி இருக்காது. ஒட்டும் கொக்கியும் டிஸ்டெம்பர் சுவரில் பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும். இந்த மூன்றுக்கும் ஒரே தீர்வு, ஸ்க்ரீன் மாட்டும் கம்பியில் இருந்தோ பரண் விளிம்பில் கட்டிய பைப்பில் இருந்தோ தூண்டில் நரம்பில் தொங்கவிடுவது. படத்தின் எடையைப்போல் நாலு மடங்கு தாங்கும் நரம்பு வாங்குங்கள். நைலான் வழுக்கும், சாதாரண முடிச்சு இரவோடு இரவாக அவிழும். மீன்பிடிப்பவர்கள் போடுவதுபோல் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். நரம்பு கொஞ்சம் நீளவும் செய்யும். முதல் நாளே மாட்டிவிட்டு, மறுநாள் காலை ரசமட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள்.

குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கும். அங்கே படம் மாட்டியே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குல ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டுங்கள். காற்று போகும், பூஞ்சை பிடிப்பது குறையும்.

உயரத்தைக் கண்ணால் குறிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில், அதாவது 4 அடி 9 அங்குலத்தில் வர வேண்டும். படத்தின் உயரம் 24 அங்குலம் என்று வையுங்கள், பாதி 12. பின்பக்கக் கம்பியை நடுவில் விரல் கொடுத்து மேலே இழுத்தால், சட்டத்தின் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது. 57 உடன் 12 கூட்டி 3 கழித்தால் 66. கொக்கி 66 அங்குலத்தில். எல்லாப் படத்துக்கும் இப்படிப் போட்டால், அளவு வேறுபட்டாலும் வரிசை கலையாது. மேலும் கீழுமாக இரண்டு படம் வைத்தால் இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் கணக்கிடுங்கள். சோபாவுக்கு மேலே மட்டும் இந்த விதி வேண்டாம், சோபாவின் முதுகிலிருந்து 8 அங்குலம் மேலே சட்டத்தின் கீழ் விளிம்பு இருந்தால் போதும்.

இடைவெளிக்கும் இதேபோல் கணக்கு உண்டு. 12 அடிச் சுவர் 144 அங்குலம். 20 அங்குல அகலப் படம் நாலு என்றால் 80. மீதி 64ஐ ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 13 வரும். இரண்டு ஓரத்திலும் படங்களுக்கு இடையிலும் அவ்வளவு விடுங்கள். ஸ்விட்ச் போர்டு இருந்தால் அந்த அகலத்தைச் சுவரிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

வெளிச்சம்: நம் வீடுகளில் எரியும் 6500 கெல்வின் ட்யூப் லைட்டில் சிவப்பும் காவியும் செத்துப்போய்த் தெரியும். மஞ்சள் பல்பில் வெள்ளை பழுக்கும். 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. ஸ்பாட் வாங்குங்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். கூரை 10 அடி உயரம் என்றால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி விளக்கு இருக்கட்டும், அப்போது ஒளி சுமார் 30 டிகிரி சாய்வில் விழும். இன்னும் தள்ளினால் பார்க்கிறவரின் நிழல் படத்தில் விழும், நெருக்கினால் சட்டத்தின் நிழல் விழும். கண்ணாடி போட்ட படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால், பார்க்கிறவருக்கு ஓவியத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரியும். மேற்கு வெயில் படும் சுவரில் வாட்டர் கலர் வைக்கவே வேண்டாம்.

விலையைச் சொல்லாமல் மறைப்பது பலருக்கும் பழக்கம். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். படத்துக்குப் பக்கத்தில் எண் மட்டும் ஒட்டி, விலைப்பட்டியலை நாலைந்து பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். விலைக்குச் சதுர அங்குலக் கணக்கு உதவும்: 18க்கு 24 என்றால் 432 சதுர அங்குலம், உங்கள் விலை அங்குலத்துக்கு 25 ரூபாய் என்றால் 10,800, அதோடு ஃப்ரேம் செலவு. பெரிய படங்களுக்கு அங்குல விலையைக் கொஞ்சம் இறக்கலாம். சிறு காலரிகள் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் கமிஷன் எடுக்கும். அது இல்லையே என்று வீட்டில் விலையைக் குறைத்து விற்காதீர்கள். தெரிந்தால், உங்கள் படத்தை விற்கும் காலரி அடுத்த முறை எடுக்காது.

பெரிய படம் வாங்க முடியாதவர்களுக்கு அஞ்சலட்டை, சிறு பிரின்ட் வையுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், மெழுகு வைத்துச் சாயமேற்றிய பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியர்கள் வயிற்றுப்பாட்டைக் கவனித்தார்கள்.

விற்ற படத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், கண்காட்சி முடியும்வரை சுவரிலேயே இருக்கட்டும். பாதிப் பணமாவது முன்பணமாக வாங்காமல் பொட்டு ஒட்டாதீர்கள், "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்பது விற்பனை ஆகாது. ரசீதில் படத்தின் பெயர், ஊடகம் (வாட்டர் கலரா, அக்ரிலிக்கா என்பது), அளவு, ஆண்டு, விலை, பதிப்புரிமை ஓவியருக்கே என்ற ஒரு வரி இருக்க வேண்டும். படத்தை விற்றதால் மட்டும் பதிப்புரிமை கைமாறிவிடாது. ஆனால் அங்கேயே யாராவது "எங்க அம்மாவை வரைஞ்சு கொடுங்க" என்று ஆர்டர் கொடுத்தால் கதை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, கூலி பேசி வரையச் சொன்ன உருவப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே. அதை அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

சிறு காலரியில் வைப்பதானால் ஆணி உங்கள் கவலை இல்லை, காகிதம்தான் கவலை. கமிஷன் எவ்வளவு, திறப்பு விழா டீ, பிஸ்கட், அழைப்பிதழ் யார் செலவு, உடைந்தால் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும் என்று நாலும் எழுத்தில் வேண்டும். படங்களை ஒப்படைக்கும்போது பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.

அபார்ட்மென்ட் என்றால் சங்கச் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் செருப்பு ஸ்டாண்ட், உள்ளே கைப்பைகள் வைக்க ஒரு மேசை. தோளில் தொங்கும் பையால்தான் படங்கள் அதிகம் அடிபடுகின்றன. காபி, பஜ்ஜி எல்லாம் பால்கனியில். எண்ணெய்க் கை காகிதத்தில் பட்டால் போகாது.

முடிந்ததும் கண்ணாடிப் படத்தின் மேல் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிக் கட்டுங்கள், உடைந்தாலும் சில்லு சிதறாது. அக்ரிலிக் கேன்வாஸில் பபிள் ராப்பை நேராகச் சுற்றாதீர்கள். ஆட்டோவில் ஒரு மணி நேர வெயில் போதும், குமிழ்கள் வட்டவட்டமாகப் படத்தில் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேலே பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம்.