மீட்டர் ஆடுகிறது, எதைப் பார்ப்பது?

மைக்கையும் இன்டர்ஃபேஸையும் மாட்டி ரெக்கார்டு செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள்காரன். மற்ற மென்பொருள்களிலும் மீட்டர் இதே கதைதான்.

முதல் வேலை லெவல். டிஜிட்டல் மீட்டரில் 0 டெசிபல்தான் கூரை, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். பாட்டில் ஓங்கிப் பாடும் வரியைப் பாடச் சொல்லி, உச்சம் -12 பக்கம் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயினை, அதாவது மைக் ஒலியை ஏற்றும் குமிழை, திருப்புங்கள். 24 பிட்டில் ரெக்கார்டு செய்தால் அது தாராளம். கெயினிலேயே உடைந்த குரலை மென்பொருளில் ஃபேடரை (டிராக்கின் ஒலியளவுப் பட்டை) இறக்கிச் சரிசெய்ய முடியாது, சின்னச் சத்தத்தில் கரகரக்கும், அவ்வளவுதான். (பெங்களூரில் அல்சூர் பக்கம் என் அறையில் யாரும் பாடாதபோதே ஃபேனுக்கும் ஆட்டோ ஹாரனுக்கும் மீட்டர் ஆடும். கெயினை ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறும், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.)

அடுத்தது மிக்ஸிங், குழப்பமே இங்கேதான். மிருதங்க டிராக் -6 வரை துள்ளுகிறது, தம்புரா -20ஐத் தாண்டவில்லை, ஆனாலும் காதில் தம்புராதான் எல்லாவற்றையும் மூடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது காட்டுவது பீக், அதாவது அடி விழுந்த கணத்தின் உச்சம். வலந்தலையில் விழும் அடி சட்டென்று எழுந்து அடங்கிவிடும், தம்புரா விடாமல் ஒலிக்கும், காது கொஞ்ச நேரத்தின் சராசரியைத்தான் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய வியூ மீட்டரின் முள் நிதானமாக, சுமார் 300 மில்லிசெகண்டில் ஏறியதும் இதற்காகத்தான். அதனால் பீக்கை 0 தொடாமல் இருக்க மட்டும் பாருங்கள், சத்தத்துக்கு எல்யூஎஃப்எஸ் மீட்டர் (காது உணரும் சராசரிச் சத்தத்தை அளப்பது) வையுங்கள். யூலீன் என்ற மீட்டர் பிளகினின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் கருவி) இலவசப் பதிப்பே போதும், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். ஃபேடரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காதால் வையுங்கள்.

மாஸ்டரில் எல்லா டிராக்கும் கூடும், ஒரே ஒலி இரண்டு சேர்ந்தால் 6 டெசிபல் ஏறிவிடும். அதனால் அங்கே -6 அளவுக்கு இடம் விடுங்கள். கடைசியில் ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவில் எழும் உச்சத்தையும் சேர்த்த அளவு) -1ஐத் தாண்டாமல் இருக்கட்டும். -14 எல்யூஎஃப்எஸ் என்று எல்லோரும் துரத்துவது ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு, அதற்கு மேல் போனால் அவர்களே இறக்கிவிடுவார்கள். கர்நாடகக் கச்சேரியை அதற்காக நசுக்க வேண்டியதில்லை.

பிறகு சேர்த்தது: டிராக் சிவப்பாகிறது, கரகரப்பே இல்லையே என்று பலர் கேட்டார்கள். ரீப்பர் உள்ளே ஃப்ளோட்டில் (0க்கு மேலும் தாங்கும் எண்முறை) கணக்குப் போடுவதால் டிராக்கில் 0ஐத் தாண்டினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். மாஸ்டர் சிவப்பாக இருக்க 24 பிட் வேவாக எக்ஸ்போர்ட் செய்தால் வெட்டுப்படும். பழைய அனலாக் பெட்டிகளைப் போலச் செய்த பிளகின்கள் வேறு, அவை டிராக்கிலேயே உடையும். அவற்றுக்கு -18 சராசரியாகக் கொடுங்கள்.