லேப்டாப் சூடானால்: முதலில் அளவு, பிறகு ஸ்க்ரூடிரைவர்

லேப்டாப் சூடாகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: கூலிங் பேட் வாங்குவார்கள், அல்லது நேரே பின்மூடியைக் கழற்றித் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை அதன் மேலிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை) போடுவார்கள். சில நேரம் பலிக்கும், பல நேரம் வீண். தூசி அடைத்தாலும் சூடாகும், பேஸ்ட் காய்ந்தாலும் சூடாகும், நமக்குத் தெரியாமல் பின்னணியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் சூடாகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது காரணம் என்பதை வெப்பம் ஏறி இறங்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கவனிக்க அரை மணி நேரம் போதும்.

அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது பேட்டரி. லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான மேசையில் வையுங்கள். ஏதாவது ஒரு மூலை ஆடுகிறதா? டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, அமுக்கினால் க்ளிக் ஆக மறுக்கிறதா? மூடிகளுக்கு இடையே முன்பு இல்லாத இடைவெளி தெரிகிறதா? இதில் எது இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியை மாற்றும்வரை அந்த லேப்டாப்பில் வேறு எந்த வேலையும் வேண்டாம். குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்ற யோசனை மிக ஆபத்தானது. உள்ளே இருப்பது காற்றல்ல, எலக்ட்ரோலைட் என்ற வேதித்திரவம் சிதைந்து உண்டான, எரியக்கூடிய வாயு. குத்தினால் உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அளந்து பார்ப்பது

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் (லேப்டாப்பின் முதன்மைச் சிப், சிபியு என்பதும் இதுவே) வெப்பத்தைக் காட்டாது. தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் அதன் வெப்பத்தை மட்டும் காட்டும். அதனால் எச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச நிரல் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் என்ற தொகுப்பு இதே வேலையைச் செய்யும்.

எல்லா நிரல்களையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அறையின் வெப்பத்தைப் பொறுத்து 40 முதல் 55 டிகிரி வரை நின்றால் கவலையில்லை. சும்மா இருக்கும்போதே 70ஐத் தொட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு என்ற தலைப்பைக் க்ளிக் செய்யுங்கள். அதிகம் உழைக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். விண்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் இன்டெக்ஸ் இவை மேலே இருந்தால் அரை மணி காத்திருங்கள், தானாக அடங்கும். பிரவுசர் என்றால் அதன் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். சிபியு 2, 3 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் 70 டிகிரி என்றால் மட்டுமே குறை வன்பொருளில்.

அடுத்து வேலை கொடுத்துப் பார்க்கவேண்டும். சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவசச் சோதனை வழக்கமாகவே 10 நிமிடம் ஓடும், அது போதும். சார்ஜர் இணைந்திருக்கட்டும். தொடங்கியவுடன் எகிறும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். இன்றைய பிராசஸர்கள் முதல் அரை நிமிடம்வரை வேண்டுமென்றே அதிக மின்சாரம் இழுத்து வேகமாக ஓடும், பிறகு தாமாகக் குறைத்துக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குப் பிந்தைய எண்தான் கணக்கு. மெல்லிய லேப்டாப்புகளில் முழு வேலையின்போது 90 டிகிரி என்பது நோயே இல்லை. பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களின் எல்லை 95 முதல் 105 டிகிரி வரை. அதைத் தொட்டதும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால்தான் மின்சாரத்தை வெட்டும்.

இப்போது கையைச் சூடான காற்று வெளியேறும் துளையருகே வையுங்கள். எண்ணையும் காற்றையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் விடை இருக்கிறது.

காற்று பலவீனமாக, ஆனால் நல்ல சூடாக வருகிறது. வெப்பம் சில நிமிடங்களில் படிப்படியாக ஏறியது. சோதனையை நிறுத்தியபின் இறங்கவும் நேரமெடுக்கிறது. இது தூசி. வெப்பம் சிப்பிலிருந்து ஒழுங்காகத்தான் வெளியேறுகிறது, அதை எடுத்துச் செல்லக் காற்று இல்லை.

ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது, காற்றும் பலமாக வருகிறது, ஆனால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சிப்போ 100ஐ ஒட்டி நிற்கிறது. நிறுத்திய ஓரிரு விநாடியில் 30 டிகிரி சரிகிறது. இங்கே ஹீட்சிங்க்குக்கு (சிப்பின் மேல் அமர்ந்து சூட்டை இழுத்துச் செல்லும் உலோகப் பாகம்) வெப்பம் போய்ச் சேரவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது. ஒரே வேலை செய்யும் கோர்களில் (பிராசஸருக்குள் தனித்தனியாக உழைக்கும் பகுதிகள்) ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி அதிகம் காட்டினால் இந்த முடிவு இன்னும் உறுதி.

மூன்றாவது வகைதான் பலரையும் ஏமாற்றும்: லேப்டாப் ஆமை வேகம், ஆனால் வெப்பம் 55, 60 டிகிரிதான். இதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. கடிகார வேகம் (பிராசஸர் ஓடும் வேகம்) 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் சிக்கி நகரவே இல்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரைச் செருகினாலோ, அடாப்டரைத் தன்னுடையது என்று லேப்டாப் அடையாளம் காணாவிட்டாலோ சில மாடல்கள் இப்படி வேகத்தைப் பூட்டிவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் திரும்பினால் சந்தேகமே வேண்டாம். கடிகார வேகம் சரியாக இருந்து, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் ஹார்டு டிஸ்க்கின் நலத்தைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் பாருங்கள். அதில் எச்சரிக்கை தெரிந்தால் முதல் வேலை கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பது. மற்றதெல்லாம் பிறகு.

திறக்காமலே தீர்பவை

காற்றை உள்ளிழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மெத்தை, தலையணை, மடி மூன்றும் அதை அடைத்துவிடும். பின்பக்கத்தை 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர்த்தினாலே சில டிகிரி குறையும். கூலிங் பேட் கொடுக்கும் பலனில் ஒரு பங்கு இந்த உயரத்தால் வருவதுதான். ஃபேன் உள்ளே தூசி அடைத்திருக்கும்போது கீழிருந்து இன்னொரு ஃபேன் வைத்து ஊதிப் பயன் சொற்பம்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பிளானின் அட்வான்ஸ்டு அமைப்புகள், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்று போனால் அதிகபட்ச பிராசஸர் நிலை என்ற வரி இருக்கும். 100ஐ 99 ஆக்கினால் பல பிராசஸர்களில் டர்போ வேகம் (தேவைப்படும்போது எகிறும் கூடுதல் வேகம்) அணைந்துவிடும். வெப்பம் 10 முதல் 20 டிகிரி வரை குறையலாம். ஆவணம், இணையம், வீடியோ பார்ப்பது போன்ற வேலைகளில் வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட்டிங்கில் நன்றாகவே தெரியும். சில புது மாடல்களில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். அங்கே தயாரிப்பாளரின் சொந்த நிரலில் உள்ள அமைதி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பையிலிருந்து எடுக்கும்போது கொதிக்கும் லேப்டாப்புக்குக் காரணம் வேறு. மூடியை மூடினால் தூங்கிவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் இன்றைய மாடல்கள் பலவும் தூக்கத்திலும் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும், இடையில் விழித்து அப்டேட்டும் இறக்கும். பைக்குள் போகுமுன் ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணைவது) செய்யுங்கள்.

திறந்து சுத்தம் செய்வது

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். பல நிறுவனங்கள் இலவசமாகவே கொடுக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எவ்வளவு நீளம் என்றெல்லாம் படத்தோடு இருக்கும்.

தேவையானவை: பிஎச் 0, பிஎச் 00 முனைகள் (சில மாடல்களுக்கு டார்க்ஸ் டி5, மேக்புக்குக்குப் பென்டலோப் பி5), பிளாஸ்டிக் நெம்புகோல் அல்லது பழைய கிடார் பிக், மென்மையான தூரிகை, ரப்பர் புளோயர் அல்லது அழுத்தக்காற்று கேன். பேஸ்டும் மாற்றுவதாக இருந்தால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அதன் முனையில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுக்கும்.

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றுங்கள். ஒரு தாளில் பின்மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. குட்டை ஸ்க்ரூவின் துளையில் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அது கீபோர்டுப் பக்கம் புடைத்துக்கொண்டு வரும், அல்லது மதர்போர்டையே துளைக்கும். எல்லா ஸ்க்ரூவும் வந்தும் மூடி அசையவில்லையா? ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் தேடுங்கள். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. கொக்கிகள் உடைவது இங்கேதான்.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. சில இணைப்புகள் போர்டுக்கு இணையாகப் பின்னோக்கி நழுவும், சில மேல்நோக்கி எழும்பும். எந்த வகை என்று பார்த்துவிட்டு நகத்தாலோ பிளாஸ்டிக்காலோ எடுங்கள். கம்பிகளைப் பிடித்து இழுக்கக்கூடாது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடித்தால் போர்டில் மிஞ்சிய மின்சாரமும் தீர்ந்துவிடும்.

தூசி எங்கே இருக்கும்? ஃபேனின் இறகுகளில் தெரிவது கொஞ்சம்தான். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடைப்பட்ட சந்தில் அது கம்பளிப் பட்டைபோல் படிந்து காற்றை அடியோடு அடைத்திருக்கும். வெளித்துளை வழியாக ஊதினால் அந்தப் பட்டை ஃபேனுக்குள் திரும்பி விழும், போகாது. ஃபேனின் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று சிறு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பட்டையை முழுதாக உரித்தே எடுக்கலாம். ஊதும்போது இறகுகள் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். கேனை நேராகவே பிடியுங்கள். சாய்த்தால் காற்றுக்குப் பதில் உறைகுளிர்ந்த திரவம் பீய்ச்சும்.

ஃபேனை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ உடனே நின்றாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், அவ்வளவுதான். புதிது வாங்குவதே நல்லது. மாடல் பெயரை மட்டும் நம்பாமல், ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்பில் இடதும் வலதும் வேறு வேறு.

பேஸ்ட் மாற்றுவது

சோதனையில் தூசி என்று தெரிந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம். ஒழுங்காக இருக்கும் பேஸ்டைக் கலைப்பதில் லாபம் இல்லை.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறியதற்கு வாருங்கள், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக. ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இடவலமாக மெல்ல அசையுங்கள். நெம்பினால் சிப்பின் ஓரம் தெறிக்கும், லேப்டாப் சிப்புக்கு மேல் உலோகக் கவசம் கிடையாது.

வெள்ளியாகப் பளபளக்கும் திரவம் தெரிந்தால் அது லிக்விட் மெட்டல். அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். அதில் உள்ள கேலியம் மின்சாரத்தைக் கடத்தும், ஒரு சொட்டு போர்டில் வழிந்தாலும் ஷார்ட் ஆகும், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

சாதாரண பேஸ்ட் என்றால் ஆல்கஹால் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைத்து, உலரவிடுங்கள். மேசைக் கணினிக்குச் சொல்லும் நடுவில் ஒரு பொட்டு என்ற முறை இங்கே அவ்வளவு நம்பகமில்லை. சிப் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் மூலைகள் விட்டுப்போகும். சிப்பின் பரப்பு முழுவதையும் மெல்லிய படலமாக மூடும்படி தடவுங்கள். பக்கத்தில் உள்ள நினைவகச் சிப்புகளின் மேல் மெத்தென்ற தெர்மல் பேட் இருக்கும். கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். மாற்றுவதானால் தடிமனை அளந்து அதே அளவு வாங்குங்கள், 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என வரும். தடித்த பேட் ஹீட்சிங்கைத் தூக்கி நிறுத்தும், சிப்போடு தொடர்பு அறுந்துவிடும். பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் போட்டால் அந்த இடைவெளி நிரம்பாது.

மூடும்போது 1லிருந்து தொடங்கி, மீண்டும் அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள். ஃபேன் இணைப்பை மறக்காதீர்கள். கடைசியாகப் பேட்டரி இணைப்பு.

பவர் பட்டனை அமுக்கியும் உயிர் வரவில்லை என்றால் பயப்படுமுன் சார்ஜரைச் செருகுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சார்ஜர் வந்தால்தான் விழிப்பேன் என்று பல மாடல்கள் இருக்கும். தேதியும் நேரமும் மாறியிருக்கலாம், சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு அதே அறையில், அதே சோதனையை, அதே 10 நிமிடம் ஓட்டி முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். தூசி மட்டும் எடுத்திருந்தால் காற்றின் பலத்திலேயே மாற்றம் தெரியும். பேஸ்ட் போட்டபின் முன்பைவிட மோசமானால் இரண்டைப் பாருங்கள்: புது தெர்மல் பேடின் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் ஒட்டியிருப்பீர்கள், அல்லது ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து இறுகியிருக்கும். மறுபடி கழற்றினால் சிப்பில் பேஸ்ட் எந்த ஓரத்தில் படியவில்லை என்று தெரியும். அந்தப் பக்கத்து ஸ்க்ரூதான் குற்றவாளி.